புலி, ஹேச்சி, தொக்கேபி: கொரிய மரபிலிருந்து பொம்மையும் பேட்ஜும்

கொரியப் பாரம்பரியத்தை வைத்துச் சாவிக்கொத்தோ பேட்ஜோ பஞ்சுப் பொம்மையோ செய்யலாம் என்று உட்காரும் வடிவமைப்பாளர்களில் பலர் முதலில் வரைவது ஆடையைத்தான். ஒரு பூனைக்குட்டி, அதற்கு ‘ஹான்போக்’ என்னும் கொரிய மரபுடை, தலையில் ‘காத்’ எனப்படும் அகன்ற விளிம்புள்ள கறுப்புத் தொப்பி. பார்க்க அழகாகவே இருக்கும். தொப்பியைக் கழற்றிவிட்டால் அது எந்த ஊர்ப் பூனையாகவும் ஆகிவிடும். இந்த அத்தியாயம் வேறு வழியில் போகிறது. கொரியக் கதைகளிலும் அரண்மனை வாசல்களிலும் வீட்டுக் கதவுகளில் ஒட்டிய படங்களிலும் வாழும் உயிர்களுக்கெல்லாம் ஏதாவது ஒரு வேலை உண்டு. ஒன்று தீயைத் தடுக்கும், ஒன்று நல்ல சேதி கொண்டுவரும், ஒன்று ஊர் எல்லையில் நின்று நோயை விரட்டும். அந்த வேலையை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். உருவம், நிறம், எந்தப் பொருளாகச் செய்வது என்பதெல்லாம் அதிலிருந்து வரட்டும்.

இது வெறும் கொள்கை இல்லை, கடையில் விற்றுக் காட்டிய வழி. சியோலில் உள்ள கொரிய தேசிய அருங்காட்சியகம் ‘மியூட்ஸ்’ என்ற பெயரில் விற்கும் பொருள்களில் ஒரு கண்ணாடிக் கோப்பை இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டு ஓவியர் கிம் ஹோங்தோ வரைந்ததாகக் கருதப்படும், பியோங்கான் மாகாண ஆளுநரின் வரவேற்பு விருந்தைக் காட்டும் ஓவியத் தொகுதியில், குடித்துத் தள்ளாடும் அறிஞர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களை எடுத்துக் கோப்பையில் அச்சிட்டார்கள். குளிர்ந்த சோஜு மதுவை ஊற்றினால், வெப்பநிலைக்கேற்ப நிறம் மாறும் மையால் அவர்கள் முகம் சிவக்கிறது. ஓவியத்தில் அந்த மனிதர்கள் செய்துகொண்டிருந்ததை, கோப்பை வாங்கியவரின் மேசையிலும் தொடர்ந்து செய்கிறார்கள். அதே உருவத்தை டி-சட்டையில் அச்சிட்டிருந்தால் இன்னொரு பழைய படமாகவே நின்றிருக்கும். நான் பார்த்தவரை பாரம்பரியப் பொருள் வடிவமைப்பில் இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

புலியை எப்படி அணுகுவது

கொரியாவில் எந்தக் கதையைத் தொட்டாலும் புலி வந்து நிற்கும். நம் ‘ஒரே ஒரு ஊரிலே’ போல அங்கே கதை தொடங்கும் மரபுத்தொடரே, புலிகள் புகை பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் என்பதுதான். அந்தப் புலிக்கு முகம் பல. மலைத்தெய்வத்தின் ஓவியங்களில் அது தெய்வத்தின் அருகே படுத்திருக்கும் தூதன். சூரியனும் சந்திரனும் பிறந்த கதையில், மலைப்பாதையில் தாயை மறித்து அரிசிப் பணியாரம் கேட்டுக் கேட்டுக் கடைசியில் அவளையே விழுங்கும் கொடியவன். உலர்ந்த சீமைப்பனிச்சைக் கதையில் அப்பாவி: எதற்கும் அடங்காமல் அழும் குழந்தை உலர்ந்த பழம் என்றதும் வாயை மூடுவதை வெளியிலிருந்து கேட்டு, அந்தப் பழம் தன்னைவிடப் பயங்கரமான மிருகம் என்று நம்பி ஓடிவிடுகிறது.

உங்கள் புலி இவற்றில் எது என்று முடிவு செய்யாமல் பென்சிலை எடுக்க வேண்டாம். மூன்றையும் கலந்தால் பெயரில்லாத ஆரஞ்சு மிருகம்தான் மிஞ்சும்.

வடிவமைப்பாளருக்குப் பெரிய புதையல், ஜோசோன் அரச மரபுக் காலத்தின் பிற்பகுதியில் பரவலாக வரையப்பட்ட ‘மின்ஹ்வா’ என்னும் மக்கள் ஓவியங்கள். அவற்றில் பைன் மரத்தில் மேக்பை பறவையும் கீழே புலியும் உள்ள ‘ஹோஜாக்தோ’ படங்களைப் புத்தாண்டில் வீட்டில் ஒட்டுவார்கள். பறவை நற்செய்தி கொண்டுவரும், புலி தீயதை விரட்டும். இந்தப் புலியை உற்றுப் பாருங்கள். கண்கள் இரண்டும் ஒரே பக்கம் பார்ப்பதில்லை. பல படங்களில் உடலில் வரிகளோடு சிறுத்தையின் புள்ளிகளும் கலந்திருக்கும். பற்கள் வெளியே தெரிந்தாலும் பயம் வராது, மேலே இருக்கும் பறவை சொல்வது புரியாமல் விழிப்பதுபோல் இருக்கும். புலியை அதிகாரிகளாகவும் பறவையை எளிய மக்களாகவும் பார்த்து, இது மேல்தட்டைப் பார்த்துச் சிரிக்கும் படம் என்று விளக்குவோரும் உண்டு. வரைபவர் இங்கே கற்க வேண்டியது, வேடிக்கை புலியிடம் மட்டும் இல்லை, புலிக்கும் பறவைக்கும் நடுவே இருக்கிறது என்பதை. பறவையை விட்டுவிட்டுப் புலியை மட்டும் பேட்ஜாக்கினால் பாதிப் பாத்திரம் போய்விடும்.

2025 ஜூனில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘கேபாப் டீமன் ஹண்டர்ஸ்’ படம் இந்த ஜோடியைத்தான் எடுத்துக்கொண்டது. அதில் வரும் நீலப் புலி கதைமாந்தர் இருவருக்கு நடுவே கடிதம் சுமக்கிறது. அதாவது ஹோஜாக்தோவின் சேதி சொல்லும் வேலை அப்படியே இருக்கிறது. அதற்குமேல் ஒரு குணத்தையும் சேர்த்தார்கள். தட்டிவிட்ட பூந்தொட்டியை நிமிர்த்திவைக்கப் புலி திரும்பத் திரும்ப முயல்கிறது, முடிவதில்லை. காத் தொப்பி புலியின் தலையில் இல்லை, ஆறு கண்களுள்ள பறவையின் தலையில் இருக்கிறது. படம் ஓடியபின் தேசிய அருங்காட்சியகத்தின் மேக்பை-புலி பேட்ஜ் விற்றுத் தீர்ந்தது. அந்த பேட்ஜ் படத்துக்காகச் செய்யப்பட்டதில்லை, முன்பே கடையில் இருந்தது. மூல ஓவியத்துக்கு நேர்மையாக இருந்த பொருள், அலை வந்தபோது தயாராக இருந்தது. அலை வந்தபின் நீலப் புலியை நகலெடுக்கக் கிளம்பியவர்களுக்குக் காப்புரிமைச் சிக்கல்தான் காத்திருந்தது. ஹோஜாக்தோ எல்லாருக்கும் பொது, அந்தத் திரைப்படப் புலி அப்படி இல்லை.

அரசு செய்த புலிகளையும் பாருங்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கின் சின்னமான ஹோதோரியை வடிவமைத்தவர் கிம் ஹ்யூன். அதன் தலையில் இருப்பது ‘சாங்மோ’, கிராமத்து உழவர் இசைக்குழுவினர் அணிந்து தலையைச் சுழற்ற, நீண்ட நாடா காற்றில் வட்டமிடும் தொப்பி. அந்த நாடா சியோலைக் குறிக்கும் ஆங்கில ‘எஸ்’ எழுத்தாக வளைகிறது. கொண்டாட்டத்துக்கு ஆடுகிறவனின் தொப்பியைக் கொண்டாட்டத்தின் சின்னத்துக்குக் கொடுத்தார்கள். 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் வெள்ளைப் புலி சூஹோராங் வந்தது. போட்டி முடிந்த இடத்திலேயே வென்றவர்களுக்குக் கொடுத்த பஞ்சுப் பொம்மையின் தலையில் காகிதப் பூக்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஜோசோன் காலத்தில் அரசுத் தேர்வில் தேறியவர்களுக்கு மன்னர் அளித்த பூச்சூடிய தொப்பி அது. தேர்வில் வென்றவனின் தொப்பியைப் பதக்கம் வென்றவரின் கையில் வைத்தது எவ்வளவு பொருத்தம்! தொப்பி வரையவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வரைந்தால் இப்படிக் காரணத்தோடு வரையுங்கள்.

வாசலில் உட்கார்ந்திருப்பவை

சியோலில் உள்ள கியோங்போக்குங் அரண்மனையின் குவாங்ஹ்வாமுன் வாசலில் இரண்டு கல் ஹேத்தேக்கள் உட்கார்ந்திருக்கின்றன. இதையே ஹேச்சி என்றும் சொல்வார்கள். பிதுங்கிய கண், உருண்டை மூக்கு, சுருள் பிடரி. நியாயம் எது அநியாயம் எது என்று பிரித்தறியும் மிருகம் என்பதால் ஜோசோன் அரசில் அதிகாரிகளின் தவறுகளைக் கண்காணித்த துறையின் தலைவர், உடையில் இதன் உருவத்தை அணிந்தார். தெற்கே உள்ள குவானாக் மலையின் தீச்சக்தி அரண்மனையைத் தாக்காமல் காப்பதும் இதுவே என்பது மக்கள் நம்பிக்கை. ஜப்பானியக் குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இடம் பெயர்க்கப்பட்ட இந்தச் சிலைகள், 2023 அக்டோபரில் வாசலின் முன்மேடை மீட்டமைக்கப்பட்டபோது அதன் முன்னால் வைக்கப்பட்டன.

சியோல் நகரம் 2008-இல் ஹேச்சியைத் தன் சின்னமாக எடுத்தது. மஞ்சள் நிறத்தில் இருந்த அதன் பாத்திர உருவத்தை 2024-இல் இளஞ்சிவப்பாக மாற்றி, நீல நாகம், வெள்ளைப் புலி, சிவப்புப் பறவை, கறுப்பு ஆமை ஆகிய நான்கு திசைக் காவலர்களை நண்பர்களாகச் சேர்த்தது. இந்த நால்வர் புதிதாகப் பிறந்தவர்கள் இல்லை. 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பண்டைய கோகுரியோ அரசின் கல்லறைச் சுவர்களில் இன்றும் இருப்பவர்கள். தனிப் பாத்திரத்தைவிடக் குழு நன்றாக விற்கும். இங்கே அந்தக் குழுவை மரபே கொடுத்திருக்கிறது: ஒவ்வொருவருக்கும் ஒரு திசை, ஒரு நிறம். உங்கள் தொடருக்கு ஐந்து பேர் வேண்டுமென்றால் புதிதாகக் கற்பனை செய்யும் முன் இப்படி ஏற்கெனவே ஒன்றாக இருப்பவர்களைத் தேடுங்கள்.

ஹேச்சியை எந்தப் பொருளாக்குவது? தீயைத் தடுப்பவன், நியாயம் அறிந்தவன். அடுப்பருகே காந்தமாக ஒட்டலாம், சூடான பாத்திரத்தைப் பிடிக்கும் கையுறையாகத் தைக்கலாம், தீயணைப்புக் கருவிக்கு உறையாக்கலாம். சட்டக் கல்லூரி மாணவர்களுக்கான பேனாப் பெட்டியும் பொருந்தும். பயண உறையாகச் செய்தால் விற்கலாம், ஆனால் ஊர் சுற்ற அதற்குக் காரணம் இல்லை. வாசலை விட்டு நகராமல் காவல் காப்பதே அதன் இயல்பு.

ஊர் எல்லையில் பல்லைக் காட்டி நிற்கும் ஜாங்சுங் மரத்தூண்கள், ஜேஜு தீவில் வயிற்றின் மேல் கைவைத்து நிற்கும் தோல் ஹருபாங் கற்சிலைகள் ஆகியவற்றுக்கும் இதே கணக்கு. அவை நிற்கின்றன. கதவு நிறுத்தி, புத்தகத் தாங்கி, காகித எடை போன்ற கனமான, அசையாத பொருள்களில் அவை உயிர் பெறும்.

தொக்கேபியின் கொம்பு

அதிகத் தவறு நடக்கும் இடம் இது என்பதால் இங்கே நிதானமாகப் போவோம்.

தொக்கேபி என்று தேடினால் தலையில் கொம்பு, இடுப்பில் புலித்தோல், கையில் முள் பதித்த இரும்புத் தடி கொண்ட படங்கள் கொட்டும். இந்த உருவம் ஜப்பானிய ‘ஓனி’யினுடையது, குடியேற்ற ஆட்சிக் காலத்துப் பாடநூல் படங்கள் வழியாகக் கொரியக் குழந்தைகளின் மனத்தில் பதிந்தது என்று கொரிய நாட்டாரியல் ஆய்வாளர்கள் பலர் வாதிடுகிறார்கள். கன்னத்தில் கட்டியுள்ள கிழவனின் கதையோடு வந்த படங்களை அவர்கள் சுட்டுகிறார்கள். பழைய ஓட்டுக்கூரைகளில் இருக்கும் கொம்புள்ள முகத்தைக் காட்டி மறுப்போரும் உண்டு, அந்த முகம் நாகத்தினுடையது என்போரும் உண்டு. இந்த விவாதத்தில் உங்கள் பொருள் சிக்க வேண்டிய அவசியமே இல்லை. வாய்மொழிக் கதைகள் தரும் தொக்கேபி கொம்புள்ள அரக்கனைவிட நூறு மடங்கு சுவையானவன்.

அவன் எங்கிருந்து பிறக்கிறான்? தேய்ந்துபோன துடைப்பம், உலக்கை என்று மனிதன் நெடுநாள் கையாண்டு வீசியெறிந்த பொருளிலிருந்து. இரவில் சந்தையிலிருந்து திரும்பும் ஆளை வழிமறித்து மற்போருக்குக் கூப்பிடுவான். இடுப்பிலும் தொடையிலும் துணி கட்டிப் பிடிக்கும் கொரிய மற்போரான சிரும்மில் அவனுக்கு அவ்வளவு ஆசை. விடிய விடியப் போராடி அவனை மரத்தில் கட்டிவிட்டு வந்த ஆள், காலையில் போய்ப் பார்த்தால் மரத்தில் கட்டிக் கிடப்பது பழைய துடைப்பம். பக்வீட் மாவில் செய்யும் கூழ்க்கட்டியான மெமில்முக் என்றால் உயிரை விடுவான். கடன் வாங்கினால் திருப்பித் தருவான். தந்ததை மறந்துவிட்டு மறுநாளும் தருவான், அதற்கு மறுநாளும் தருவான்.

இப்போது வடிவமைப்போம். அடையாள வடிவம்: கொத்தாகக் கட்டிய வைக்கோல் துடைப்பம், தலைகீழாக. வைக்கோல் நுனிகள் முடி, கட்டுக்கயிறு நெற்றிப்பட்டை, கைப்பிடி உடல். இடுப்பில் சிரும் துணி, சிவப்பு அல்லது நீலம். கொம்பு, புலித்தோல், இரும்புத் தடி மூன்றும் வேண்டாம். முகத்தில் ஏதோ மறந்துவிட்டதை யோசிக்கும் பாவனை. நிறம் வைக்கோலின் பொன்னிறம், அதோடு ஒரே ஒரு அழுத்தமான நிறம்.

என்ன பொருள்? முதலில் தோன்றுவது மேசைத் தூசி தட்டும் சின்னத் துடைப்பம். நல்ல யோசனைதான், ஏனெனில் பகலில் துடைப்பமாகவும் மேசை விளக்கின் கீழ் ஆளாகவும் தெரியும். அதைவிடக் கூர்மையானது உண்டியல். தினமும் காசு தருகிற மறதிக்காரன் சேமிப்புக்கு எவ்வளவு நல்ல துணை! இரவில் ஒளிரும் மையில் கண்களை அச்சிட்டால் அவன் வேலை நேரமும் சரியாகிவிடும். இரண்டு உருவம் செய்து துணியால் கட்டி மோதவிடும் மேசை விளையாட்டும் ஆகலாம், சிரும் அங்கே தானாக வரும். கதையின் ஒவ்வொரு செயலும் ஒரு பொருளைத் தருகிறது பாருங்கள். கொம்பு ஒன்றையும் தராது.

இதுபோலவே இன்னோர் உருவம்: கறுப்பு அங்கி, கறுப்புத் தொப்பி, வெளிறிய முகத்தோடு உயிர் கவர வரும் ஜோசுங் சாஜா. பழைய தோற்றம் என்று எல்லாரும் நினைக்கும் இந்தக் கோலம், 1970-களின் பிற்பகுதியில் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரான ‘ஊர்க்கதைகள்’ வழியே நிலைபெற்றது. பௌத்தக் கோயில் ஓவியங்களில் இதே தூதர்கள் வண்ண உடை, குதிரை, தாள்சுருள் என்று வருகிறார்கள். தொலைக்காட்சிக் கோலத்தை வரைவது பிழையில்லை, ஆனால் உறையில் ‘பழமையான தோற்றம்’ என்று அச்சிடாதீர்கள். கோயில் ஓவியத்துக்குப் போனால், சந்தையில் யாரும் செய்யாத நிறங்களும் உங்களுக்குக் கிடைக்கும்.

முகமூடி தரும் பாடம்

ஆந்தோங் அருகே உள்ள ஹாஹ்வே கிராமத்து முகமூடிகள் கொரியாவின் தேசியச் செல்வம். அவற்றில் மேட்டுக்குடியான யாங்பானின் முகமூடி, ஆடுபவர் தலையை நிமிர்த்தினால் சிரிக்கும், தாழ்த்தினால் கடுகடுக்கும். தாடை தனியாக நூலில் தொங்குவதால் பேசுவதுபோல் அசையும். வேலைக்காரன் இமேயின் முகமூடிக்கு மட்டும் தாடையே இல்லை. செதுக்கியவன் முடிக்கும் முன் இறந்துவிட்டான் என்று ஊர்க்கதை சொல்கிறது. இதைத் தட்டையான ஸ்டிக்கராகச் செய்வது பெரிய வீணடிப்பு. வார்ப்பு செய்து, சாயும் அடிப்பாகம் வைத்து, வாங்குபவர் விரலால் தட்டினால் முகம் மாறும்படி செய்யுங்கள். தாடையைத் தனித்துண்டாக்குங்கள். இமேக்கு அழகுக்காகத் தாடை பொருத்திவிடாதீர்கள்.

வரைபலகையில் கவனிக்க வேண்டியவை

ஹான்போக்கின் மேற்சட்டையான ஜோகொரியில், அணிபவரின் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வரும். கணினியில் பாத்திரத்தை வலமிருந்து இடமாகத் திருப்பிப் போட்டால் கழுத்துப்பட்டையும் சேர்ந்து திரும்பிவிடும். இந்தப் பிழை அச்சுக்குப் போனபின்தான் கண்ணில் படும். திருப்பிய ஒவ்வொரு கோணத்திலும் கழுத்தைக் கையால் திருத்துங்கள். முன்னால் கட்டும் நாடாவுக்கு ஒரே ஒரு மடிப்பு வளையம்தான், வண்ணத்துப்பூச்சி முடிச்சு கிடையாது. பெண்ணின் பாவாடை மார்புக்கு அருகிலேயே தொடங்கும். இடுப்பில் அகலப் பட்டை கட்டினால் அது கிமோனோவாகிவிடும்.

நிறத்துக்கு ‘ஓபாங்சேக்’ என்ற ஐந்து: கிழக்குக்கு நீலம், மேற்குக்கு வெள்ளை, தெற்குக்குச் சிவப்பு, வடக்குக்குக் கறுப்பு, நடுவுக்கு மஞ்சள். ஐந்தையும் சம அளவில் அள்ளிப் பூசினால் விழா வளைவு போலாகிவிடும். ஒன்றை ஆளவிட்டு மற்றவற்றைக் கோட்டிலும் விளிம்பிலும் வையுங்கள். கோயில், அரண்மனை மரவேலைகளில் பூசும் தாஞ்சோங் வண்ணங்களில் பச்சை எவ்வளவு ஆள்கிறது என்று கவனித்தால் இந்த அளவு கைவரும்.

வரைந்ததை 2 சென்டிமீட்டருக்குச் சுருக்கி அச்சிட்டு, கை நீட்டும் தொலைவில் பாருங்கள். ஹோஜாக்தோ புலி அப்போதும் புலியாகத் தெரிய வேண்டும். பெரும்பாலும் வரிகள் மறைந்து மாறுகண் மட்டும் நிற்கும். அப்படியானால் வரிகளைக் குறைத்து, கண்ணைப் பெரிதாக்குங்கள்.

எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். தேசிய அருங்காட்சியகம் நடத்தும் ‘இ-மியூசியம்’ தளத்தில் கொரிய அருங்காட்சியகங்களின் சேகரிப்புப் படங்கள் இருக்கின்றன. தேசிய நாட்டாரியல் அருங்காட்சியகத்தின் இணையக் கலைக்களஞ்சியம் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. மரபு ஓவியத்துக்குக் காப்புரிமைக் காலம் முடிந்திருக்கும், ஆனால் அரசு நிறுவனப் படங்களுக்குக் ‘கோங்கோங் நூரி’ என்ற பல வகை உரிமம் உண்டு. முதல் வகையில் மூலத்தைக் குறிப்பிட்டால் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம், மாற்றலாம். வேறு சில வகைகளில் வணிகத்துக்கோ மாற்றத்துக்கோ தடை இருக்கும். இப்போது வாழும் மின்ஹ்வா ஓவியர் தன் பாணியில் வரைந்த புலி அவருடைய சொத்து. பழசுபோல் இருப்பதாலேயே பொதுச்சொத்து ஆகிவிடாது. கொரியாவில் ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை காப்புரிமை நிற்கும். உங்கள் பாத்திரத்தின் பெயரை வணிகச் சின்னமாகப் பதியும் முன், அதற்கான கொரியத் தேடல் தளமான ‘கிப்ரிஸ்’-இல் தேடிவிடுங்கள். 13 வயது வரையிலான குழந்தைகளுக்கான பொருளைக் கொரியாவில் விற்க ‘கேசி’ பாதுகாப்புக் குறி வேண்டும். இந்தியாவில் விற்கும் பொம்மைக்கு 2021 ஜனவரியிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம்.

புனிதமானவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். தேசிய அருங்காட்சியகம் சிந்தனையில் ஆழ்ந்த போதிசத்துவர் சிலையை மென்னிறச் சிற்றுருவங்களாக விற்கிறது, மக்களும் விரும்பி வாங்குகிறார்கள். அது மேசையில் அமர்ந்திருக்கிறது. அதே உருவத்தைக் கால்மிதியிலோ காலுறையின் அடியிலோ அச்சிடுவது வேறு விஷயம். சவப்பல்லக்கை அலங்கரித்து, இறந்தவருக்கு வழித்துணையாகப் போகும் கொக்து மரப்பாவைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. குட்டிக்கரணம் போடும் பாவைகள்கூட அவற்றில் உண்டு. ஆனால் அவற்றைப் பிறந்தநாள் பரிசுத் தொடராகச் செய்ய வேண்டாம். நீண்ட பயணம் போகிறவருக்குத் துணையாகச் செய்தால் அவற்றின் வேலை மாறாது.

கடைசியாக உறைக்குள் வைக்கும் அட்டை. ஹேச்சி, நான்கு காவலர்கள், ஒன்பது வால் நரி, மூன்று கால் காகம் ஆகியவற்றைச் சீனாவும் ஜப்பானும் தங்கள் வடிவில் வைத்திருக்கின்றன. ‘கொரியாவுக்கே உரியது’ என்று எழுதாமல், நீங்கள் எடுத்த மூலத்தை எழுதுங்கள்: குவாங்ஹ்வாமுன் வாசல் ஹேத்தேவைப் பார்த்து வரைந்தது, இன்ன அருங்காட்சியகத்தின் இன்ன ஓவியத்திலிருந்து எடுத்தது என்று. அதன்கீழ் இரண்டு வரியில் கதை, கொரிய மொழியிலும் வாங்குபவர் மொழியிலும். கொரிய வரிகளை, அந்த மொழியில் வளர்ந்த ஒருவர் பார்த்துத் திருத்திய பிறகே அச்சகத்துக்கு அனுப்புங்கள்.